லண்டனில் நான் வெளியேற்றப்பட்ட நீச்சல் குளங்கள்

1

எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஜெயசிங் கேட்டிருக்கிறான். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இப்போது தக்கலையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான், சாயங்காலமானால் மலருக்கு ஆசிரியர். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான், பின்னணியில் பஸ் ஹாரனோடு.

"ஏலே வில்சா, சொகமா இருக்கியா? லண்டன்ல போய்ப் பாக்க வேண்டிய நல்ல நல்ல நீச்சல் குளத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தா மக்கா. நம்ம ஜங்ஷன் பக்கம் புதுசா ரிசார்ட் கெட்டினவரு முழுப்பக்க வெளம்பரம் தந்திருக்காரு கேட்டியா. அவருக்க குளத்துல போட்ட நீல ஓடு பூரா எனக்க கடையில எடுத்ததாக்கும். உனக்க கட்டுரைய எதுத்த பக்கத்துல போட்டா எடுப்பா இருக்கும்."

லண்டனில் நல்ல நீச்சல் குளம் ஒன்றுகூட இல்லை. கட்டுரை இவ்வளவுதான். ஆனால் ரெண்டு பக்கம் வேண்டுமாம். எடுத்துக்கொள் ஜெயசிங். நீ கேட்டுத்தான் எழுதுகிறேன், அப்புறம் விளம்பரக்காரர் கோபித்துக்கொண்டால் என்னைக் கேட்காதே.

எனக்கு இந்த ஊர்க் குளங்கள் அத்தனையும் தெரியும். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். என் மனைவியும் நானும் இப்போது ஒரு வீட்டில் இல்லை. இந்த விஷயம் பேசப்படாத அடுக்களை எங்கள் ஊரில் இல்லை என்பதால் இங்கே மறைத்தும் பிரயோஜனமில்லை. மகள் ஷெரினுக்குப் பதினான்கு வயது, அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமை மட்டும் எனக்கு. பதினான்கு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு ஒற்றை அறை வீட்டில் ஒருவன் என்ன செய்வான்? சினிமாவுக்குக் கூட்டிப் போனேன், போனைப் பார்த்தாள். ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன், போனைப் பார்த்தாள். தண்ணீருக்குள் போன் கொண்டுபோக முடியாது. நீச்சல் குளத்துக்கு என்று நான் கண்ட பெருமை அது ஒன்றுதான். அதற்காக இரண்டு வருடம் இந்த நகரத்தின் ஒவ்வொரு குளமாக ஏறி இறங்கினேன்.

2

முதலில் எங்கள் பேட்டையின் மாநகராட்சிக் குளம். உள்ளே நுழைந்ததும் ஆஸ்பத்திரி கழுவிவிட்ட வாடை அடிக்கும். யாரோ காயத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் மிதந்து வந்து நம் தோளில் ஒட்டும். தண்ணீரில் இறங்குவதற்கு முந்தின வாரமே போனில் நேரம் எடுத்துவைக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளத்துக்கு மாடு வரும், மனிதன் வருவான், மழைக்காலத்தில் நீர்க்கோலிப் பாம்பு வரும். ஒருவரும் முன்பதிவு செய்து வந்ததில்லை.

குடும்பமாக வந்தால் கட்டணத்தில் சலுகை உண்டு என்று பலகையில் எழுதியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, மகளின் முகவரி வேறு, உங்கள் முகவரி வேறு, ஆகவே நீங்கள் குடும்பம் இல்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னாள். இவள் என் மகள், மூக்கைப் பாருங்கள் என்றேன். மூக்குக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இடமில்லை. ஷெரின் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டாட், ப்ளீஸ்." வீட்டில் அப்பா, வெளியே டாட். அது எப்போது தொடங்கியது என்று எனக்கு நினைவில்லை.

அங்கே முதல் தடவை இறங்கும்போது தலையில் எண்ணெய் தேய்த்திருந்தேன். எண்ணெய் வைக்காமல் குளத்தில் முங்கினால் சளி பிடிக்கும் என்று கேட்டு வளர்ந்த தலை அது. நான் நீந்திய வழியெல்லாம் தண்ணீரில் மினுமினுப்பு. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காப்பாளனுக்குக் கைகாட்டினார், விசில் அடித்தது, என்னை மேலே ஏற்றி ஷவருக்கு அனுப்பினார்கள். வெளியேற்றப்படுவது அன்றைக்குத்தான் எனக்குத் தொடங்கியது.

திரும்பி வந்தால் கயிறு கட்டிப் பாதை பிரித்திருக்கிறார்கள். மெதுவானவர்களுக்கு ஒன்று, சுமாரானவர்களுக்கு ஒன்று, வேகமானவர்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வர வேண்டும். நான் தலையைத் தூக்கிவைத்துக் கையை வீசி நீந்துகிறவன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான், எதிரே ஆகாயத்தாமரை வருகிறதா, எருமை வருகிறதா என்று பார்க்க வேண்டுமே. இங்கே என்னைப் பார்த்துவிட்டு, நீச்சல் கற்றுக்கொள்ள விருப்பமா, பெரியவர்களுக்கு வகுப்பு இருக்கிறது என்றான் ஒருவன். ஏழு வயதில் குளத்தின் இக்கரையிலிருந்து அக்கரை போனவனைப் பார்த்துக் கேட்கிறான்.

3

திறந்தவெளிக் குளம் ஒன்று இருக்கிறது. லிடோ என்பார்கள். வெயிலடிக்கும் நாலு நாளில் ஊரே அங்கே திரண்டு கிடக்கும். வரிசையில் நின்றே பாதி வெயில் போய்விடும். மற்ற நாட்களில் அந்தத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். அதில் இறங்கி நடுங்குவதைப் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொள்ளத் தனிக் கூட்டமே உண்டு.

வடக்கே ஒரு மேட்டு நிலத்தில் நிஜமான குளங்களும் இருக்கின்றன. பாசி உண்டு, வாத்து உண்டு, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று நம் ஊர்த் துறைபோலப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் மனசு ஆறும் என்று நினைத்துத்தான் போனேன். வாசலில் காசு வாங்கினார்கள். பாசித் தண்ணீருக்குக் காசு! உள்ளே ஒருவர் கண்ணை மூடி, இயற்கையோடு கலந்துவிட்டேன் என்கிறார். எங்கள் குளத்தில் இதே பாசி படர்ந்தபோது கலெக்டருக்கு மனு கொடுத்தோம். இருபாலருக்கும் பொதுவான குளத்தில் ஷெரின் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, அடி தெரியாத தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்துக்கு லிஃப்ட் பார்க்கப் போனேன். மொட்டை மாடியில் ஒரு குளம், விளிம்பே இல்லாமல் வானத்தில் நிற்பதுபோல. அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். நான் போன நாட்களிலெல்லாம் அதில் ஒரு ஈ காக்கை இறங்கி நான் பார்த்ததில்லை. சுற்றி ஒரே மாதிரி வெள்ளைத் துண்டுகளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். குனிந்து ஒரு விரலை விட்டுப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. காவலாளி ஓடி வந்து, வேலை முடிந்ததா என்று கேட்டான். விரலுக்கே வெளியேற்றம்.

4

இனி நான் சொல்லப்போவது ஒரே ஒரு குளத்தைப் பற்றி. பெயரைச் சொல்ல மாட்டேன், நீங்கள் போகவும் வேண்டாம்.

அதற்கு முன்னால் எங்கள் குளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துறையில் குளிக்கும்போது கம்மலோ மோதிரமோ சோப்புப் பெட்டியோ விழுந்துவிட்டால், பெண்கள் எங்களில் ஒருவனைக் கூப்பிடுவார்கள். முங்கி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அடிக்குப் போனதும் கையையும் காலையும் அடிக்கக் கூடாது. அடித்தால் சேறு கிளம்பும், அப்புறம் ஒன்றும் கிட்டாது. மூச்சைப் பாதி விட்டால் உடம்பு தானாக அமரும். சப்பணம் கூட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, கலங்கல் அடங்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். பிறகுதான் விரலால் தடவ வேண்டும். நான் இதில் கெட்டிக்காரன். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, இந்த நகரத்தில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அன்றைக்கு ஷெரினின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதே குளத்துக்கு வந்திருந்தார்கள். ஷெரின் என்னிடமிருந்து பத்தடி தள்ளியே நின்றாள். ஆழமான பக்கம் அவள் தாவிக் குதித்தபோது காதில் கிடந்த சின்னத் தோடு கழன்று விழுந்தது. அவள் அம்மா வாங்கிக் கொடுத்தது. நான் பார்த்துவிட்டேன்.

"லீவ் இட், டாட்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் விடவில்லை. முங்கினேன். அடிக்குப் போனதும் உடம்பு அதன் பழக்கத்துக்கே போனது. அது ஓடு பதித்த தரை, சேறு இல்லை, கண்ணைத் திறந்தால் பொடி எழுத்தே படிக்கலாம் என்பதெல்லாம் அந்த உடம்புக்குத் தெரியவில்லை. மூச்சைப் பாதி விட்டேன். சப்பணம் கூட்டினேன். கண்ணை மூடி, கலங்காத தண்ணீர் தெளிவதற்காகக் காத்திருந்தேன்.

மேலே உயரமான நாற்காலியில் இருந்த காப்பாளன் கண்டது, மூக்கிலிருந்து குமிழி விட்டபடி கண்மூடி அசையாமல் அடியில் கிடக்கும் ஒரு நடுவயசுக்காரனை. அவன் குதித்தான். என் அக்குளில் கைபோட்டு இழுத்தான். யாரோ விளையாடுகிறார்கள் என்று நான் ஒரு உதை விட்டேன். நான் செத்துக்கொண்டு துடிக்கிறேன் என்று அவன் இன்னும் இறுக்கினான். மேலே வந்தபோது மணி அலறிக்கொண்டிருந்தது, குளத்தில் ஒருவரும் இல்லை, எல்லோரையும் ஏற்றிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். என்னைத் தரையில் கிடத்திப் போர்வை போட்டு மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அப்படிச் சொல்கிறவர்களுக்குத்தான் அதிகம் இருக்கும் என்று படித்திருப்பார்கள்போல.

மேலாளர் அந்தச் சுவரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "இவரோடு வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

ஷெரின் இரண்டு சிநேகிதிகளுக்கு நடுவில் துண்டைப் போர்த்தி நின்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"தனியாகத்தான் வந்தேன்," என்றேன் நான்.

மூச்சை அடக்கி அடியில் இருப்பது தடை, பலகையில் இருக்கிறது, இனி இங்கே வர வேண்டாம் என்றார் மேலாளர். உடை மாற்றும் இடத்தில் கையை விரித்துப் பார்த்தேன், உள்ளங்கையில் தோடு இருந்தது. இழுத்துக்கொண்டு வரும் அவசரத்திலும் விரல் தன் வேலையை முடித்திருக்கிறது. பஸ்ஸில் அவளிடம் கொடுத்தேன். "தேங்க்ஸ்," என்று வாங்கிப் பையில் போட்டாள். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள்மேல் கோபமில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். கோபம்தான்.

5

அடுத்த சனிக்கிழமை படிப்பு இருக்கிறது என்று செய்தி வந்தது. அதற்கடுத்த வாரம் பள்ளியில் விளையாட்டு. அதற்கும் அடுத்த வாரம் காரணம் எதுவும் வரவில்லை, அழும் மஞ்சள் முகம் ஒன்று வந்தது. அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அவளுக்கு இஷ்டமில்லேன்னா நான் பிடிச்சு வலிச்சிட்டா வர முடியும்? வயசு அப்படி. கொஞ்ச நாளு விட்டுப் பிடியுங்க," என்றாள். அவள் கொளச்சல்காரி, கோபத்திலும் இழுத்துத்தான் பேசுவாள்.

விட்டுப் பிடிக்க எனக்கு என்ன இருக்கிறது? வாரத்தில் ஒரு நாள். அதுவும் கை நழுவினால் பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்தும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். இங்கே அப்படிப்பட்ட தகப்பன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். லிஃப்டில் பிள்ளையின் வயதைத் தப்பாகச் சொல்வார்கள்.

ஆகஸ்டில் என் தம்பிக்குக் கல்யாணம். ஷெரினை அழைத்துப்போக அவள் அம்மா சம்மதித்தாள். மகள் சம்மதிக்கவில்லை, ஆனாலும் வந்தாள். திருவனந்தபுரத்தில் இறங்கியது முதல் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவளுக்குத் தமிழ் தெரியும், ஆனால் அவள் கேட்டு வளர்ந்தது நானும் அவள் அம்மாவும் அவளிடம் பேசிய தமிழ் மட்டும். அதனால் எல்லோரும் அவளுக்கு 'நீ'. என் பெரியப்பாவிடம் போய், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எல்லாம் என்ன பிள்ளை வளர்த்தாய் என்று கேட்காமல் கேட்ட முகங்கள் ஒவ்வொன்றும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

மறுநாள் ரிசார்ட் குளத்துக்குப் போக வேண்டும் என்றாள். ஆமாம் ஜெயசிங், அதே நீல ஓட்டுக் குளம். நான் கைலியும் தோர்த்துத் துண்டுமாகப் போயிருந்தேன். நைலான் உடுப்பு இல்லாமல் இறங்கக் கூடாது என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். வேலைக்காரன்போல வேலிக்கு வெளியே நின்று மகள் நீந்துவதைப் பார்த்தேன். ஏழு கடல் தாண்டி வந்து சொந்த ஊரிலும் வெளியேற்றம். எதிர்ப் பக்க விளம்பரத்துக்கு இந்தப் பத்தியே போதும் என்று நினைக்கிறேன்.

6

அதற்கடுத்த நாள் காலையில் நான் பாட்டுக்கு எங்கள் ஊர்ப் பெரியகுளத்துக்குக் கிளம்பினேன். வீட்டில் நெட் கிடைக்கவில்லை என்று ஷெரினும் பின்னாலேயே வந்தாள், கையில் நீச்சல் கண்ணாடியோடு. அது ஆண்கள் துறை என்று அவளுக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பிள்ளை என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயசிங் கீழ்ப்படியில் தலை முழுக்க சோப்போடு நின்றான்.

குளத்தில் பாதியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. ஷெரின் படியில் ஷூவோடு உட்கார்ந்து, இதிலே யார் குளிப்பார்கள் என்ற முகத்தோடு கண்ணாடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். சுழற்றியது நழுவியது. ஒரு படியில் பட்டு, அடுத்த படியில் பட்டு, உள்ளே போய்விட்டது.

"இரு, எடுத்துட்டு வாறேன்," என்று நான் முங்கினேன்.

இங்கே உண்மையான சேறு இருந்தது. உண்மையாகவே கலங்கியது. அமர்ந்தேன். கண்ணை மூடினேன். எத்தனை வருடம் கழித்து! தலைக்கு மேலே ஒருத்தனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை, விசில் இல்லை, பலகை இல்லை. காது குளிர்ந்தது. கலங்கல் அடங்கட்டும் என்று இருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே இருந்திருப்பேன். மேலே நடந்தது எனக்குத் தெரியாது, பிறகு ஜெயசிங் சொன்னான்.

முதலில் அவள் எழுந்து நின்றாளாம். பிறகு ஒரு படி இறங்கினாளாம். பிறகு, "எங்க அப்பா!" என்று கத்தினாளாம்.

"பேடிக்காத மக்கா," என்றிருக்கிறான் ஜெயசிங். "அவன் முங்குகாரனாக்கும். இப்ப வருவான். நீ சாடி வெள்ளத்தைக் கலக்கிராத."

"எங்க அப்பா உள்ள! நீ ஏன் சும்மா நிக்க? நீ போ! போய் எடு!"

சோப்பு கண்ணில் இறங்கி அவன் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவள் ஷூவோடு குதித்துவிட்டாள். அடி தெரியாத தண்ணீரில் காலை வைக்க மாட்டேன் என்றவள்.

எனக்குத் தெரிந்தது, என் தலைமயிரை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்தது மட்டும்தான். வலி உயிர் போனது. மேலே வந்து கண்ணைத் திறந்தால் ஷெரின். முகமெல்லாம் பாசி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்ததும் என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"நீ அப்படிச் செய்யக் கூடாது! நீ செய்யவே கூடாது!"

தகப்பனை 'நீ' என்கிறாளே என்று அன்றைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. ஜெயசிங் கண்ணைக் கழுவிக்கொண்டு, "பிள்ளை நல்லா சாடுதா கேட்டியா," என்றான். அவள் கலக்கிய கலக்கில் குளம் காப்பித் தண்ணீராகக் கிடந்தது. நீச்சல் கண்ணாடி இன்னும் அங்கேதான் எங்கேயோ சேற்றில் இருக்கிறது. யாருக்காவது கிடைத்தால் வாசகசாலையில் ஒப்படைக்கவும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளுடைய ஷூ சளக் சளக்கென்று சத்தம் போட்டது. பாதி வழியில், "அன்னைக்கு லண்டன்ல..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

7

லண்டன் திரும்பிய முதல் சனிக்கிழமை, காலையிலேயே என் வாசலில் நின்றாள். கிழக்கே, பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு குளத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அங்கே என்னை இன்னும் யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் தகுதி. அங்கும் அதே ஆஸ்பத்திரி வாடை. அதே பிளாஸ்டர்.

ஆழமில்லாத பக்கத்தில் நின்றுகொண்டு, "அது எப்படி உட்காருவது?" என்று கேட்டாள்.

தடை இருக்கிறது என்றேன். பலகையைக் காட்டினேன். அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. மூச்சைப் பாதி விட வேண்டும் என்று சொன்னேன். இரண்டு பேரும் முங்கினோம். அவள் சப்பணம் கூட்டப் பார்த்து ஒரு பக்கமாகச் சரிந்து மேலே போய்விட்டாள். நான் அமர்ந்துவிட்டேன்.

விசில்.

மேலே வந்தால் காப்பாளன் கரையில் நிற்கிறான். சின்னப் பையன், தாடிகூடச் சரியாக முளைக்கவில்லை. "சார், நீங்கள் வெளியே வர வேண்டும்," என்றான். பிறகு ஷெரினைப் பார்த்து, மரியாதையாக, "நீங்கள் இருக்கலாம்," என்றான். எங்கள் மூக்கை அவனும் பார்க்கவில்லை.

வேகப் பாதையில் அவள் வயதுப் பெண்கள் நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். ஷெரினும் அவர்களைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். தனியாகத்தான் வந்தேன் என்று சொல்வதற்கு எனக்குப் பழகியிருந்தது.

"ஐ'ம் வித் ஹிம்," என்றாள் ஷெரின். அவனுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் இன்னொரு தடவை, அந்தப் பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஹி'ஸ் மை டாட்." பிறகு எனக்கு முன்னால் கரையேறிப் போனாள்.

ஈரத் தலையோடு பஸ் நிறுத்தத்தில் நின்று, இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் சிப்ஸ் தின்றோம். குளிர் நடுக்கியது, உருளைக்கிழங்கு சரியாக வேகவுமில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு வேறு குளம் பார்த்து வைக்கிறேன் என்றாள்.

ஆகவே ஜெயசிங், அந்தக் கிழக்குக் குளத்துக்கும் யாரையும் அனுப்பிவிடாதே.